எழுதித் தாங்கோ

அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். நான் அவரை அக்கா என்றேன். அலுவலக வரிசைப்படி பார்த்தால் நான் அவருக்கு மேலதிகாரி. ரானுயி ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நான் அலுவலக மேலாளர், அவர் கேர்கிவர். முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, ஊட்டிவிட்டு, நடக்கக் கூட்டிப் போகிற வேலை. நான் சென்னையிலிருந்து வந்தவன், அவர் யாழ்ப்பாணம். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது, கீழே பதினெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். அந்தத் 'தம்பி'க்கு முன்னால் அதெல்லாம் எடுபடவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், ஓட்டுநர் உரிமத்தில் இன்னொன்று, எங்கள் சம்பளப் பட்டியலில் வேறொன்று. மூன்றுமே பிழை என்பார். நாலாவதாக நானும் ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.

எங்களுக்குள் நடந்த முதல் உரையாடலே ஒரு மறுப்புதான். நான் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நடைபாதையில் நிறுத்தி, வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு வேண்டும் என்றார். கையில் வேறு எதையோ வைத்துப் பார்த்துக்கொண்டே, "இந்த வாரம் முடியாதுக்கா," என்றேன். அவர் நகரவில்லை. ஏப்ரன் பையிலிருந்து உள்ளங்கை அளவுக் குறிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்து, ஒரு வெற்றுப் பக்கத்தைப் புரட்டி, பேனாவோடு என் முன்னே நீட்டினார்.

"என்னக்கா இது?"

"ஏலாது எண்டு சொன்னியளல்லோ. அதை எழுதித் தாங்கோ."

"இதுக்குப் போய் எதுக்குக்கா எழுதிக்கிட்டு? நான்தான் வாயால சொல்றேனே."

"வாயால சொன்னதை நான் ஆரிட்டைக் காட்டுறது? ஏன் ஏலாது எண்டும் போடுங்கோ. கீழ உங்கட பேரையும் திகதியையும் போடுங்கோ."

குரலில் கோபம் இல்லை, நக்கல் இல்லை. சாப்பாட்டு மேசையில் உப்புக் கேட்பதுபோலக் கேட்டார். நான் பேனாவை வாங்கி, 'விடுப்புத் தர இயலாது, ஏனென்றால்' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அந்த 'ஏனென்றால்' என்பதற்குப் பிறகு எழுத எதுவும் வரவில்லை. பணிப்பட்டியலை ஏற்கெனவே அச்சடித்துவிட்டேன், மறுபடி மாற்றுவதற்குச் சோம்பல். அதுதான் காரணம். அதை எழுதிக் கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை. விடுப்பைக் கொடுத்துவிட்டேன். அவர் நன்றி சொல்லிப் புத்தகத்தை மூடி, பேனாவை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு கவனித்ததில், இது எனக்கு மட்டும் வைத்த பரீட்சை இல்லை என்று தெரிந்தது. பல் மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண், ரயில் பயண அட்டையைப் பார்க்கிறவர், அவருடைய வீட்டுச் சொந்தக்காரர், எங்கள் சமையலறைப் பொறுப்பாளர் எல்லோருக்கும் அந்தப் புத்தகம் நீண்டிருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் அடுத்த மாதம் ஹீட்டரைச் சரிசெய்து தருவதாக வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். அன்று புத்தகம் கைவசம் இல்லை. பாண் ரொட்டி சுற்றி வந்த காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதி வாங்கியிருக்கிறார். எல்லோரும் என்னைப்போல மனம் மாறிவிடவில்லை. பலர் 'முடியாது' என்று எழுதி, காரணத்தையும் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். அதையும் அதே நன்றியோடு வாங்கி மடித்து வைப்பார்.

"இல்லையெண்டா இல்லை. அதில எனக்குக் கவலை இல்லைத் தம்பி. ஆர் இல்லையெண்டது, ஏன் இல்லையெண்டது. அது தெரியவேணும்," என்றார் ஒருநாள்.

வீட்டிலும் இதே சட்டம்தான். அவருக்கு ஒரே மகள், இங்கேயே பிறந்தவள், அப்போது பதினாறு வயது. அம்மா தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஒருநாள் மதிய உணவு வேளையில் அவர் என் அறைக்கு வந்து, நாலாக மடித்த ஒரு தாளை மேசையில் விரித்தார். அம்மா கூட்டிப் போய்க் கூடவே இருக்கிற சனிக்கிழமை நடன வகுப்புக்கு இனிமேல் போகமாட்டேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அம்மா வழக்கம்போல எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அவளும் அம்மாவின் பிள்ளைதானே, ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"எல்லாம் விளங்குது. இந்த ஒரு சொல்லு மட்டும் விளங்கேல்லை," என்று விரலை வைத்தார்.

நான் பார்த்தேன். சற்றுத் தயங்கிவிட்டு, "மூச்சு முட்டுதுன்னு எழுதியிருக்காக்கா," என்றேன்.

"நடனமோ?"

"நடனம் இல்லக்கா. சனிக்கிழமை முழுசும் உங்க கூடவே இருக்கிறதை எழுதியிருக்கா."

அவர் அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். இப்போது அந்தச் சொல்லும் விளங்கி வாசித்தார். தாளை மடித்தார். "நல்ல வடிவா எழுதியிருக்கிறாள்," என்றார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் இல்லத்தில் கூடுதல் வேலை நேரம் கேட்டு வாங்கிக்கொண்டார். மகளுக்கு அந்த நாளை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நானாகப் புரிந்துகொண்டேன். எழுதிக் கேட்பவர் எழுதி வந்ததற்குக் கட்டுப்படவும் வேண்டும் என்று அவர் எந்த இடத்திலும் சொன்னதில்லை. ஆனால் கட்டுப்பட்டார்.

டாம் வந்தது அந்தக் குளிர்காலத்தில்.

எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர், இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரி மனிதர். நல்ல உயரம், நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதுகு வளையாது. ரயில்வே பணிமனையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. முழங்கால் இரண்டும் போய்ச் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். ஞாபகம் விட்டுவிட்டு வரும். காலையில் சாப்பிட்டதைப் பத்து மணிக்கு மறந்துவிடுவார். வைட்டக்கரே மலை தெரிகிற ஜன்னல் உள்ள அறை அவருக்குக் கிடைத்தது. மலையில் மேகம் இறங்கும் விதத்தைப் பார்த்து மழை எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

முதல் நாள் அவருடைய கட்டிலருகே நின்று நானும் அக்காவும் மாத்திரை நேரத்தைப் பற்றித் தமிழில் பேசிக்கொண்டிருந்தோம். டாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று தமிழில், "தண்ணி," என்றார்.

எங்கே கற்றீர்கள் என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன். மலாயாவில் என்றார். ரப்பர் தோட்டத்துப் பெண்கள் வாளியில் கொண்டுவந்து கொடுப்பார்களாம். அந்தச் சொல்லைத் தவிர வேறொன்றும் தெரியாது.

"அங்கே எதற்குப் போனீர்கள்?" என்று அக்கா கேட்டார்.

"ராணுவத்தில் இருந்தேன். இரண்டு வருடம்."

அக்கா தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றார். கோப்பையை வாங்கிக்கொண்டு வெளியே போனார். அடுத்த சில வாரங்கள் அந்த அறை வேலையைக் குறைவில்லாமல் செய்தார். ஆனால் மற்ற அறைகளில் கேட்கிற அவருடைய பேச்சுச் சத்தம் அங்கே கேட்கவில்லை. எனக்குக் காரணம் ஓரளவு ஊகிக்க முடிந்தது. கேட்கவில்லை.

இனி வாடகை விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் இல்லத்தில் அறைக்கு வாடகை தனி, பராமரிப்புக்குக் கட்டணம் தனி. பராமரிப்புக்குப் பெரும்பாலோருக்கும் அரசாங்க உதவி இருந்தது. ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வந்தவர்கள் திணறியது அறை வாடகையில்தான். வருமானம் குறைந்த முன்னாள் படைவீரர்களுக்கு மட்டும் அந்த வாடகையிலும் ஒரு பங்கை அரசாங்கம் கட்டுகிற ஏற்பாடு இருந்தது. வெளிநாட்டுக் களத்தில் பணியாற்றியது பதிவில் இருந்தால் போதும். டாம் வந்தவுடன் நானே அவருக்காக விண்ணப்பித்தேன். ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் கேட்டபோது, தகுதி இல்லை என்றார்கள். இரண்டாவது தடவையும் கேட்டேன். அதே பதில். கோப்பில் 'தகுதி இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

வாடகை பாக்கி விழத் தொடங்கியது. இல்லத்தின் உரிமையாளர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் வங்கிக் கடனோடு இல்லத்தை நடத்துகிறவர். தெற்கே இரண்டு மணி நேரத் தூரத்தில் வாடகை குறைந்த இன்னொரு இல்லத்தில் இடம் இருக்கிறது, டாமை அங்கே மாற்றிவிடலாம் என்றார். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊர். ஞாபகம் தவறிக்கொண்டிருக்கும் ஒருவரை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அக்காவுக்கு எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அந்த மனுசனுக்குத் தகுதி இல்லையெண்டு ஆர் சொன்னது?"

"ஃபோன்ல சொன்னாங்கக்கா."

"அவையின்ர பேர்?"

"கேக்கலை."

"ஏன் தகுதி இல்லையாம்?"

அதையும் நான் கேட்டிருக்கவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"அக்கா, உங்களுக்கு அவரைப் பிடிக்காதுன்னு நெனச்சேன்," என்றேன்.

"ஆமிக்காரன் எண்டா இப்பவும் என்ர வயித்துக்குள்ள என்னவோ செய்யும். அது என்ர வயிறு. அவரின்ர வாடகைக்கும் அதுக்கும் என்ன தம்பி?"

அன்றே டாமின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என் அறைக்கு வந்தார். தன் சார்பில் இந்தப் பெண் பேசத் தனக்குச் சம்மதம் என்று அந்த அரசாங்க அலுவலகத்துக்கு டாம் தொலைபேசியில் சொன்னார். மறுமுனையில் இருந்தவர் மரியாதையான பெண்தான். தகுதி இல்லை என்று கணினியில் இருப்பதாகச் சொன்னார். அக்கா தன் உடைந்த ஆங்கிலத்தில், நிதானமாக, "சரி. அதை எழுதி அனுப்புங்கள். ஏன் என்றும் எழுதுங்கள்," என்றார். அந்தப் பெண் ஏதோ விளக்க ஆரம்பித்தார். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "மிக்க நன்றி. அதையும் சேர்த்து எழுதுங்கள்," என்றார். டாம் சத்தமில்லாமல் சிரித்தார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. இரண்டே பத்தி. இந்தப் பெயரிலும் இந்தப் பிறந்த தேதியிலும் படையில் பணியாற்றிய எவரையும் ஆவணங்களில் காண முடியவில்லை என்று இருந்தது. எனக்கு அது முடிந்துபோன கதையாகத் தெரிந்தது. வயதானவர்கள் சில சமயம் இல்லாததைச் சொல்வதுண்டு. அண்ணனின் கதை, பக்கத்து வீட்டுக்காரரின் கதை எல்லாம் தங்களுடையதாகிவிடும்.

அக்கா ஒவ்வொரு சொல்லாக விரலை நகர்த்தி வாசித்தார். "இந்தப் பெயரில எண்டு போட்டிருக்கு தம்பி."

"ஆமாக்கா. அவர் படையில இல்லை. அதான் விஷயம்."

"அவர் இல்லையெண்டு போடேல்லை. இந்தப் பெயர் இல்லையெண்டுதான் போட்டிருக்கு."

மூன்று எழுத்துக்கூட்டலோடு வாழ்கிறவருக்குத்தான் அது கண்ணில் படும்.

மறுநாள் காலை டாமுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது அக்கா கேட்டிருக்கிறார். நான் துண்டு கொண்டுபோனபோது அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "ராணுவத்தில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்றார். முகமெல்லாம் நுரையோடு டாம் நிமிர்ந்தார். ஒரு எண்ணைச் சொன்னார். பதவியைச் சொன்னார். ஒரு குடும்பப் பெயரைச் சொன்னார். அவர் அறைக் கதவில் நாங்கள் எழுதி ஒட்டியிருந்த பெயர் அது இல்லை. மறுபடி சொல்லச் சொன்னார் அக்கா. அதே எண், அதே பெயர். மூன்றாவது முறையும் ஓர் இலக்கம் பிசகவில்லை. காலையில் முட்டை சாப்பிட்டதை மறக்கிற மனிதர். அக்கா ஈரக் கையோடு அதை எழுதிக்கொண்டார்.

டாமின் தாய் அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். வடக்கே சித்தி வீட்டில் வளர்ந்தார். பள்ளியில் சித்தப்பாவின் பெயரைக் கொடுத்தார்கள். அந்தப் பெயரிலேயே படையில் சேர்ந்தார். மலாயாவிலிருந்து திரும்பிய பிறகு தகப்பனைத் தேடிப் போய்ப் பார்த்து, கல்யாணத்தின்போது அவருடைய பெயரை வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் யாரும் பத்திரம் கேட்கவில்லை. இவரும் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் விண்ணப்பத்திலும் அந்தப் பெயரை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று உறுதிசெய்ய ஒரு சாட்சி வேண்டும். சித்தியின் மகள், டாமோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர், வடக்கே இன்னும் இருக்கிறார் என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் உரிமையாளர் தேதி குறித்துவிட்டார். மாதக் கடைசிக்குள் டாம் போக வேண்டும். அதை அக்காவிடம் சொல்லும் பொறுப்பு என்னுடையது.

மருந்து அலமாரி பக்கத்தில் வைத்துச் சொன்னேன். "அக்கா, இனிமே காத்திருக்க முடியாது. முப்பதாம் தேதி டாமை அனுப்பறோம். முடிவாயிடுச்சு."

அவர் மருந்து அலமாரியைப் பூட்டினார். புத்தகத்தை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதைப் பைக்குள்ளேயே திரும்பப் போட்டார்.

"இது சின்னப் புத்தகம். காணாது. உங்கட கம்ப்யூட்டரில அடிச்சுத் தாங்கோ. இல்லத்தின்ர தலைப்புப் போட்ட கடுதாசியில. டாமுக்குப் பேர் வித்தியாசம் எண்டு உங்களுக்குத் தெரியும், அதுக்குச் சாட்சி இருக்கு எண்டும் தெரியும், தெரிஞ்சும் அனுப்புறம் எண்டு எழுதுங்கோ. கீழ நீங்கள் கையெழுத்து."

"அக்கா, முடிவு என்னுது இல்லை. முதலாளி சொன்னது."

"அப்ப அதையும் எழுதுங்கோ."

அறைக்குப் போய் உட்கார்ந்தேன். ரோஷம் வந்திருந்தது. எழுதித்தான் கொடுப்போமே என்று தட்டச்சு செய்தேன். நாலு வரி. நான் எழுதிய ஆங்கிலக் கடிதங்களிலேயே பிழையில்லாதது அதுவாகத்தான் இருக்கும். படித்துப் பார்த்தேன். உரிமையாளரின் அறையில் ஒரு தலையாட்டலாக இருந்தது, மருந்து அலமாரி பக்கத்தில் ஒரு வாக்கியமாக இருந்தது, இப்போது தாளில் என் பெயருக்கு மேலே நின்றது. இதை நான்தான் செய்கிறேன் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

அச்சடித்தேன். கையெழுத்துப் போடாமல் உரிமையாளரின் வீட்டுக்கே கொண்டுபோனேன். "நீங்கள் கையெழுத்துப் போட்டால் கொடுத்துவிடுகிறேன்," என்றேன். அவர் ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி வாசித்தார். "ஆறு வாரம் பார்ப்போம்," என்றார். அதை அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன்.

அந்தச் சனிக்கிழமை நானும் அக்காவும் என் காரில் வடக்கே போனோம். மூன்றரை மணி நேரம், வழியெல்லாம் மழை. டாமின் சித்தி மகளான அந்த மூதாட்டிக்கு எண்பதுக்கு மேல். நாங்கள் எழுதிக் கொண்டுபோன வாக்குமூலத்தைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்தார். அக்காவுக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. "அவன் என் தம்பி. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பான்," என்றார் அவர். பக்கத்துத் தெருவில் இருந்த, கையெழுத்துகளுக்குச் சான்றளிக்கிற சமாதான நீதவானின் முன்னால் கையெழுத்துப் போட்டார். எங்களுக்குச் சுடச்சுட ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்து அனுப்பினார்.

திரும்பும் வழியில், மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலே அக்கா சொன்னார். முகத்தைப் பக்கவாட்டு ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னார்.

"என்ர அண்ணாவைச் சோதனைச்சாவடியில மறிச்சவங்கள். நானும் அம்மாவும் பின்னால பஸ்ஸில வந்தனாங்கள். இறங்கிப் போய்க் கேட்டம். ஒரு ஆமிக்காரன், நல்லாக் கதைச்சான். விசாரிச்சிட்டு நாளைக்குக் காலம விடுவம், வீட்ட போங்கோ எண்டான். அம்மா அவனுக்கு நன்றி சொன்னவ. அடுத்த நாள் போனா, அப்பிடி ஒருத்தரையும் தாங்கள் பிடிக்கேல்லையாம். பிடிச்சதுக்கு என்ன ஆதாரம் எண்டு கேட்டவங்கள். எங்களிட்ட ஒண்டும் இல்லை. ஒரு துண்டு எழுதித் தாங்கோ எண்டு முதல்நாள் கேட்டிருக்கலாம். கேக்கப் பயம். நான் அம்மாவுக்குப் பக்கத்தில தான் நிண்டனான். எனக்கு இருபது வயசு. நானும் கேக்கேல்லை."

நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"கேட்டிருந்தாலும் தந்திருக்கமாட்டாங்கள்," என்றார். "அதுவும் எனக்குத் தெரியும்."

ஐந்தாவது வாரம் பதில் வந்தது. எண்ணை வைத்துத் தேடியதில் கோப்பு உடனே கிடைத்துவிட்டதாகவும், முதல் நாளிலிருந்தே உதவி கணக்கிடப்படும் என்றும், தாமதத்துக்கு வருந்துவதாகவும் எழுதியிருந்தார்கள். தொலைபேசியில் பேசிய அதே பெண்ணின் கையெழுத்து. கடிதத்தை அக்கா டாமிடமே கொடுத்தார். முகவரி இடத்தில் டாமின் தகப்பன் வழிப் பெயர் இருந்தது. அதற்கடுத்து, 'இப்பெயராலும் அறியப்படுபவர்' என்று சித்தப்பாவின் பெயரும் இருந்தது. டாம் வாடகையைப் பற்றிய வரிகளை வாசிக்கவே இல்லை. அந்த முதல் வரியைச் சத்தமாக வாசித்தார். "இரண்டு பெயரையும் யாரும் சேர்த்து எழுதி நான் பார்த்ததில்லை," என்றார். அக்கா அதைச் சட்டமிட்டு ஜன்னலருகே மாட்டினார்.

டாம் அந்த அறையிலேயே இன்னும் இரண்டு குளிர்காலம் இருந்தார். அந்த ஜன்னலைப் பார்த்தபடிதான் இறந்தார். அக்காவின் பேச்சுச் சத்தம் கடைசிவரை அந்த அறையில் கேட்டது. நான் இப்போது எல்லர்ஸ்லியில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். அக்கா மகளின் படிப்புக்காக வெலிங்டன் போய்விட்டார் என்று கேள்வி. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கடிதமோ விண்ணப்பமோ இல்லை, ஓர் ஏப்ரல் மாதக் காலைதான்.

கடிதம் வந்த அடுத்த வருடம் அது. ஆன்சாக் நாள், போரில் இறந்தவர்களை இந்த நாடு நினைக்கிற நாள். பக்கத்துப் பூங்காவில் இருக்கும் நினைவுத்தூணுக்குப் போக வேண்டும் என்று டாம் கேட்டார். அதுவரை எந்த வருடமும் போனதில்லை என்றார். கோப்பு கிடைத்த பிறகு படையிலிருந்து அனுப்பிவைத்த இரண்டு பதக்கங்களை அவர் கோட்டில் நானே குத்திவிட்டேன். நான் நாற்காலியைத் தள்ள, மருந்துப் பையோடு அக்கா வந்தார். அன்று அவருடைய முறை வேலை. மழை விட்டிருந்தது. தெரு முழுவதும் தண்ணீர் தேங்கியிருந்தது.

பூங்காவின் எதிர்ப்பக்கம், டெய்ரி என்று இங்கே சொல்கிற சின்னத் தெருமுனைக் கடை ஒன்று உண்டு. அதன் முன்னால் வந்தபோது அக்கா நின்றுவிட்டார். எதிரே நடைபாதை ஓரமாகச் சீருடைக்காரர்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். நடுவில் விட்டிருந்த வழியாகத்தான் சனம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"நீங்கள் இவரைக் கொண்டு போங்கோ தம்பி. நான் இதில நிக்கிறன்."

என்ன சொல்கிறார் என்று டாம் கேட்டார். சொன்னேன். டாம் அந்த இரண்டு வரிசையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவரிடம் ஏன் என்று கேட்கவில்லை. கையை நீட்டி நாற்காலியின் பிரேக்கைத் தானே போட்டார்.

"இங்கிருந்தே கேட்கும்," என்றார்.

அங்கேயே நின்றோம், நாற்காலியின் பிடியை அக்கா என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பாட்டு, பிரார்த்தனை, ஒரு சிறுமி வாசித்த பெயர்ப் பட்டியல். எக்காளம் ஊதியபோது டாம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். ஊதி முடிந்ததும், எதிர் வரிசையிலிருந்து ஓர் இளம் பெண் சிப்பாய் டாமின் பதக்கங்களைப் பார்த்துவிட்டு, தெருவைக் கடந்து நேராக எங்களை நோக்கி வந்தாள். அக்காவின் இரண்டு கைகளும் நாற்காலியின் பிடியை இறுகப் பற்றின. ஆனால் அவர் பின்வாங்கவில்லை. அந்தப் பெண் குனிந்து, முன்னால் இடம் இருக்கிறது, அழைத்துப் போகட்டுமா என்று டாமிடம் கேட்டாள்.

"நன்றி மகளே. நான் என் ஆட்களோடு நிற்கிறேன்," என்றார் டாம்.

அவள் டாமுக்கு ஒரு சல்யூட் வைத்தாள். அக்காவைப் பார்த்துத் தலையசைத்தாள். வந்த வழியே தண்ணீரை மிதித்துக்கொண்டு திரும்பிப் போய் வரிசையில் நின்றாள்.

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து, உள்ளங்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ளையின்ர சப்பாத்துக்குள்ள தண்ணி போயிட்டுது," என்றார். "இனி நிகழ்ச்சி முடியுமட்டும் ஈரக் காலோட நிக்கப்போகுது."